ஹைதுக் வெல்கோ: வழிப்பறிக்காரன் தளபதி ஆனது எப்படி?

11 ஜனவரி, ஒரு வாசகரின் கேள்வி

செர்பியாவின் கிழக்கு மூலையில் நெகோதின் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கொள்ளைக்காரனுக்குச் சிலை, அருங்காட்சியகம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பெயர் ஹைதுக் வெல்கோ. காட்டில் திரிந்து வழிப்பறி செய்தவன், 1804ல் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்ததும் தளபதி ஆகிவிட்டான். இது ஜெயித்த பக்கம் எழுதிக்கொண்ட வரலாறுதானே?

12 ஜனவரி

ஜெயித்த பக்கம் என்பதை முதலில் எடுத்துவிடலாம். வெல்கோ இறந்த சில மாதங்களிலேயே அந்தக் கிளர்ச்சி தோற்றுவிட்டது. 1813 அக்டோபரில் உஸ்மானியப் படை, அதாவது துருக்கி சுல்தானின் படை, பெல்கிரேடுக்குள் திரும்பவும் நுழைந்தது. கிளர்ச்சித் தலைவர் கராஜோர்ஜே ஆற்றைக் கடந்து ஆஸ்திரிய எல்லைக்குள் போய்விட்டார். 

இனி அவன் கதை. வெல்கோ பெட்ரோவிச் 1780 வாக்கில் சாயெச்சாருக்குப் பக்கத்தில் லெனோவாட்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தான். ட்சர்னா ரேகா, அதாவது கருப்பாறு ஓடும் பகுதி அது. சின்ன வயதில் ஆடு மேய்த்தான். பிறகு டான்யூப் கரையில் இருக்கும் விதினுக்குப் போய் அங்கேயும் மேய்ச்சல் வேலைதான் பார்த்தான். பஞ்சம் வந்ததும் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, 1803ல் ஸ்தானோயே கிளவாஷ் என்பவரின் ஹைதுக் கூட்டத்தில் சேர்ந்தான். ஹைதுக் என்றால் அரசாங்கத்துக்குக் கட்டுப்படாமல் காட்டில் வாழ்கிறவன். வழியில் போகிற துருக்கியரையும் பணக்கார வணிகர்களையும் மறித்துப் பிடுங்குவதுதான் பிழைப்பு. இதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவன் ஒரு கிராமத்தில் இடையனாக வேலைக்கு அமர்ந்தான். தன்னை யார் என்று சொல்லாமலே மரியா என்ற கைம்பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். கிளர்ச்சி தொடங்கிய செய்தி வந்ததும் ஒளித்து வைத்திருந்த ஆயுதங்களை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றானாம். அப்போதுதான் அவளுக்குத் தன் புருஷன் ஹைதுக் என்று தெரிந்தது, அழுதாள். "இப்போது எல்லாருமே ஹைதுக்தான்" என்கிற மாதிரி அவன் சமாதானம் சொன்னதாக, அவன் வாழ்க்கையை எழுதிய செர்பிய எழுத்தாளர் வூக் கராஜிச் சொல்கிறார். கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது. கட்சி மாறியது வெல்கோ இல்லை. அவன் இருந்த இடத்துக்கு நாடு முழுவதும் வந்து சேர்ந்தது.

12 ஜனவரி, இரவு

குளிர்காலத்தில் கொள்ளைக்காரன் ஏன் இடையன் வேலை பார்த்தான் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹைதுக் வாழ்க்கைக்குப் பருவம் உண்டு. மே மாதத் தொடக்கத்தில் புனித ஜார்ஜ் நாள் வரும், மரமெல்லாம் இலை விட்டிருக்கும். கூட்டம் கூடுவது அன்றைக்கு. நவம்பரில் புனித திமித்ரி நாளோடு கலைந்துவிடுவார்கள். இலை உதிர்ந்தால் ஒளிய இடமில்லை, பனியில் காலடித்தடம் காட்டிக்கொடுக்கும். குளிர்காலம் முழுக்க நம்பகமான வீடுகளில் பண்ணையாளாகவோ விருந்தாளியாகவோ இருப்பார்கள். அடைக்கலம் கொடுக்கிறவருக்கு யாதக் என்று பெயர். பிடிபட்டால் அவர் தலையும் போகும். கிராமத்தின் ஒத்தாசை இல்லாமல் எந்த ஹைதுக்கும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருக்க முடியாது.

14 ஜனவரி

நேற்று முழுக்க இதே யோசனைதான். கிளவாஷைப் பற்றிச் சொல்லாமல் வெல்கோவைப் பற்றிப் பேசுவது அரைகுறை.

1804 தொடக்கத்தில் பெல்கிரேடு மாகாணத்தை ஆண்டவர்கள் தஹியாக்கள் எனப்பட்ட நான்கு ஜானிசாரித் தலைவர்கள். ஜானிசாரி என்றால் சுல்தானின் நிரந்தரப் படைவீரன். சுல்தானுடைய ஆட்களே அவர்களுக்கு அடங்கிப் போனார்கள். 1801ல் சுல்தானின் பெல்கிரேடு ஆளுநர் ஹாஜி முஸ்தபா பாஷாவையே கொன்றவர்கள். செர்பியர்கள் எழப்போகிறார்கள் என்ற பயத்தில் கிராமத் தலைவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். அடுத்த தலை யாருடையதோ என்ற நிலை. அந்தப் பிப்ரவரியில் ஒராஷாட்ஸ் என்ற கிராமத்தில் எஞ்சியவர்கள் கூடினார்கள். தலைமை ஏற்கும்படி முதலில் கேட்டது ஹைதுக்கான கிளவாஷை.

அவர் மறுத்துவிட்டார். சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் ஹைதுக், எனக்கு வீடு வாசல் கிடையாது. நிலைமை மோசமானால் இவன் காட்டுக்கு ஓடிவிடுவான், நாம் மாட்டிக்கொள்வோம் என்று ஜனங்கள் நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம்தான் என்றார். அடுத்து தெயோதோசியே என்ற கிராமத் தலைவரைக் கேட்டார்கள். அவரும் தட்டிக் கழித்தார். கடைசியில் கராஜோர்ஜேயிடம் வந்தார்கள். பன்றி வியாபாரி, ஆஸ்திரியத் தன்னார்வப் படையில் போரிட்டவர், கொஞ்ச காலம் ஹைதுக்காகவும் இருந்தவர். நான் முன்கோபி, கீழ்ப்படியாதவனைக் கொன்றுவிடுவேன் என்று அவர் எச்சரித்தார். இப்போது அப்படி ஒருவர்தான் வேண்டும் என்றார்களாம்.

காட்டுக்காரர்கள் இல்லாமல் சண்டை நடக்காது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களும், இரவில் மலைப்பாதை அறிந்தவர்களும், பயத்தைப் பழகியவர்களும் அவர்கள்தான். ஆனால் ஆட்சி என்று வரும்போது அவர்களை எங்கே உட்கார வைப்பது? இந்தச் சிக்கல் முதல் நாளிலேயே ஒராஷாட்ஸில் வந்துவிட்டது. வெல்கோவின் மீதி வாழ்க்கை முழுக்க அதுதான்.

15 ஜனவரி

"அப்படியானால் அவன் ஏழைகளிடம் பிடுங்கவில்லையா?" என்ற கேள்விக்கு: பிடுங்கினான் என்றுதான் தெரிகிறது. அவனைப் பற்றிய முறைப்பாடுகள் பெல்கிரேடு ஆட்சிமன்றம் வரைக்கும் போயிருக்கின்றன. கொள்ளைப் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். வந்ததெல்லாம் வீரர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் போய்விடும். கையில் இருந்தால் அள்ளிக் கொடுப்பான், இல்லையென்றால் யாரிடமாவது எடுத்துக்கொள்வான்.

முதல் மனைவி மரியா இருக்கும்போதே ஸ்தானா என்ற இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். தற்பெருமையும் அதிகம். தான் உயிரோடு இருக்கும்வரை செர்பியாவும் துருக்கியும் சண்டையிலேயே இருக்க வேண்டும், தனக்குப் பிறகு வேண்டுமானால் சமாதானம் வரட்டும் என்று வேண்டிக்கொள்வானாம். இப்படி வேண்டிக்கொள்கிற ஒருவன் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் நான் நிச்சயம் வீடு மாறிவிடுவேன்.

இதையெல்லாம் எழுதி வைத்தது எதிரி இல்லை. அதே வட்டாரத்தில், அதே ஆண்டுகளில் எழுத்தராகப் பணிபுரிந்த வூக் கராஜிச்தான். பின்னாளில் செர்பிய எழுத்து முறையையே சீர்திருத்தியவர். 1820களில் ஓர் ஆண்டுமலரில் வெல்கோவின் வாழ்க்கையை எழுதினார். கிரேக்கக் காவிய வீரன் அக்கிலஸ் காலத்தில் பிறந்திருந்தால் அவனுக்கு இணையாக நின்றிருப்பான் என்று புகழ்கிற அதே கட்டுரையில்தான் அவன் குறைகளும் வருகின்றன. உயரம், ஒல்லி, நீண்டு காய்ந்த முகம், அகன்ற வாய், சின்ன மீசை என்று ஆளையும் விவரிக்கிறார். சிலையில் நிற்கிற பருத்த வீரன் அந்த வரிகளில் இல்லை.

15 ஜனவரி, சற்றுப் பின்

ஸ்பிளிட் நகரத்து ஹைதுக் கால்பந்து அணிக்கு இவன் பெயரா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. 1911ல் தொடங்கிய அந்த அணி குரோவேஷியாவைச் சேர்ந்தது. ஹைதுக்குகள் பால்கன் முழுக்க இருந்தார்கள், அந்தப் பொதுப்பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

19 ஜனவரி

நெகோதின் பற்றி எழுதச் சொன்னவர்களுக்கு இது. கொஞ்சம் நீளும்.

நான் பெல்கிரேடில் ஒரு கட்டுமான வேலையில் இருந்தபோது எங்கள் மேஸ்திரி அந்தப் பக்கத்துக்காரர். மேஜைக்கு மேஜை பேசிக்கொண்டே போகிற மனிதர். வெல்கோவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து நின்றுவிடுவார். "தலையைத் தருவேன், கிராயினாவைத் தரமாட்டேன்" என்று வெல்கோ சொன்னதாக அவர்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கிராயினா என்பது நெகோதினைச் சுற்றிய எல்லைப் பகுதி. அவரோடுதான் ஒரு விடுமுறையில் அங்கே போனேன். டான்யூபிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, திராட்சைத் தோட்டங்கள் நடுவே அமைதியான ஊர். பெரிய மலையோ பாறை அரணோ எதுவும் இல்லை. இந்த இடத்தில் எப்படி ஒரு முற்றுகையைத் தாங்கினார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பின்னணி இதுதான். 1807ல் வெல்கோ தன் சொந்தக் கருப்பாற்றுப் பகுதியில் துருக்கியரை விரட்டினான். அப்புறம் சோகோபான்யாவுக்கு வொய்வோதா, அதாவது வட்டாரத் தளபதி ஆனான். 1810 சண்டைகளில் கையில் பட்ட காயம் கடைசி வரை முழுசாக ஆறவில்லை. 1811ல் ஆட்சி அமைப்பை மாற்றியபோது நெகோதினைக் கொடுத்தார்கள். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. நெப்போலியன் படையெடுத்து வரப்போகிறான் என்பதால் அதுவரை செர்பியர்களோடு சேர்ந்து போரிட்டுவந்த ரஷ்யாவுக்குத் துருக்கியோடு அவசரமாகச் சமாதானம் வேண்டியிருந்தது. 1812 மே மாதம் புக்கரெஸ்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. செர்பியர்களுக்கு மன்னிப்பு, ஓரளவு தன்னாட்சி என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. ரஷ்யப் படை கிளம்பிப் போனபின் அந்தப் பிரிவைக் காப்பாற்ற யாரும் இல்லை. 1813 கோடையில் உஸ்மானியப் படை பல திசைகளிலிருந்து வந்தது. அதில் ஒன்று விதின் பக்கமிருந்து நெகோதினுக்கு.

வெல்கோவிடம் ஏறத்தாழ 3,000 பேர். எதிரே அதைப் போலப் பல மடங்கு. மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டிய காவல் மேடைகளும் சில கோபுரங்களும்தான் அரண். அவற்றில் ஒன்றுக்கு பாபா ஃபிங்கா என்று பெயர். முதல் நாட்களில் அவன் உள்ளே உட்காரவில்லை. இரவில் வெளியே பாய்ந்து எதிரிகளின் முகாமைக் கலைத்துவிட்டுத் திரும்பினான், ஹைதுக் பாணியில். எதிரிகள் பள்ளம் வெட்டிக்கொண்டு மெல்ல மெல்ல நெருங்கினார்கள். பீரங்கி ஒவ்வொரு கோபுரமாக இடித்தது. அவன் குடியிருந்த கோபுரமும் போனது, நிலவறைக்கு மாறினான். ஈயம் தீர்ந்தது. வெள்ளீயக் கரண்டிகளையும் தட்டுகளையும் உருக்கினார்கள். அதுவும் தீர்ந்தபின் பீரங்கிக்குள் வெள்ளி நாணயங்களைப் போட்டுச் சுட்டார்கள். கொள்ளையடித்துச் சேர்த்தவன் அந்தக் காசையே எதிரி மேல் சுட்டது பாட்டுக்காரர்களுக்குப் பெரிய விருந்தாக இருந்திருக்கும்.

ஒருநாள் காலை காவல் மேடையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது பீரங்கிக் குண்டு உடம்பைப் பிளந்தது. கடைசியாக "உறுதியாக நில்லுங்கள்" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுந்தான். தம்பி மிலுதின் சாவை மறைக்கப் பார்த்தார். இருட்டியபின் தேவாலயத்துப் பக்கத்தில் புதைத்தார். ஆனால் அவன் குரல் கேட்காமல் போனதை ஆட்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். சில நாளில் இரவோடு இரவாகச் சதுப்பு நிலம் வழியாக வெளியேறினார்கள். அந்த இடத்தில் மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டு சிகரெட் பற்றவைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

20 ஜனவரி

எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்துகிறது. ஹைதுக்கின் திறமை எல்லாமே நழுவுவதில் இருக்கிறது. அடித்துவிட்டு மறைய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் மாட்டிக்கொள்வான். நெகோதினில் வெல்கோ அந்தக் கலைக்கு நேர் எதிரானதைச் செய்தான். வெட்டவெளியில் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு, பீரங்கி வந்தபின்னும், கோபுரங்கள் இடிந்தபின்னும் அசையாமல் நின்றான். ஆரம்பத்திலேயே ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போயிருந்தால் வருஷக்கணக்கில் துருக்கியரை அலைக்கழித்திருக்க முடியும்.

அகந்தை என்று சொல்வது சுலபம். வூக்கின் வெல்கோ புகழுக்கு ஏங்குகிறவன்தான். ஆனால் ஒராஷாட்ஸில் கிளவாஷ் சொன்னதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டுக்கு ஓடிவிடுவான் என்றுதானே ஹைதுக்கைப் பற்றி எல்லாரும் நினைத்தார்கள்? நெகோதின் மக்கள் அவனை நம்பிக் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு அவன் தன் உயிராலேயே பதில் சொன்னான் என்று எனக்குப் படுகிறது. தலையைத் தருவேன், கிராயினாவைத் தரமாட்டேன் என்ற வாக்கியத்தை மேஸ்திரி சொல்லக் கேட்டபோது வெறும் சவடாலாகத் தெரிந்தது. இப்போது ஒரு முன்னாள் ஹைதுக், தன்னை நம்பாதவர்களுக்குச் சொன்ன வாக்காகத் தெரிகிறது.

27 ஜனவரி

உதவி ஏன் வரவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வெல்கோ ஆளும் வெடிமருந்தும் கேட்டுப் பெல்கிரேடுக்குத் தகவல் அனுப்பினான். அங்கே செல்வாக்கோடு இருந்தவர் ம்லாதென் மிலோவானோவிச். ஆட்சிமன்றத்தின் முக்கியப் புள்ளி, பணக்காரர். இருவருக்கும் ஆகாது. அவன் சாப்பிடும்போது புகழ்ந்து பாடப் பத்துப் பாடகர்கள் இருக்கிறார்கள், எனக்கு யாரும் பாடுவதில்லை, அந்த வீரனே சமாளிக்கட்டும் என்ற பொருளில் அவர் சொன்னதாகக் கதை. வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் சொன்னாரா என்பது வேறு விஷயம். வெல்கோ உயிரோடு இருக்கும்வரை போதிய உதவி வரவில்லை என்பது நடந்தது. நெகோதின் விழுந்ததும் டான்யூப் பக்கக் கதவு திறந்துகொண்டது.

ம்லாதெனை மட்டும் வில்லனாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லா எல்லையிலும் ஒரே நேரத்தில் நெருக்கடி, ஆள் பற்றாக்குறை. ஆனாலும் அந்தக் கதை சும்மா பிறக்கவில்லை. கணக்கு வழக்கு, வரி, பதவி என்று ஓர் அரசாங்கம் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் வெல்கோ போல ஒருவன் நுழைந்தால் எல்லாரும் சங்கடப்படுவார்கள். எல்லையில் சண்டை நடக்கும்வரை அவன் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

3 பிப்ரவரி

ஸ்தானாவைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு. சூசூக் ஸ்தானா என்று அழைப்பார்கள், குட்டி ஸ்தானா என்று அர்த்தம். நெகோதின் பக்கத்து சிகோலேக்காரி, 1795ல் பிறந்தவள். ஆண் உடை போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனவளாக நினைவுகூர்கிறார்கள். வெல்கோ இறந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. பிறகு ரஷ்யப் பகுதிக்குப் போனவள், யோர்காகிஸ் ஒலிம்பியோஸ் என்ற கிரேக்கப் போராளியை மணந்தாள். கிரேக்க விடுதலைப் போர் தொடங்கிய 1821ல், மோல்டாவியாவின் செக்கு மடாலயத்தில் துருக்கியர் சூழ்ந்துகொள்ள, ஒலிம்பியோஸ் வெடிமருந்துக்குத் தீ வைத்து மணிக்கூண்டோடு செத்தார். இரண்டு கணவர்களுமே முற்றுகையில்தான் போனார்கள். அவள் 1849ல் ஏதென்ஸில் இறந்தாள். அவளுக்கென்று ஒரு வூக் கராஜிச் வாய்க்காதது எனக்குப் பெரிய வருத்தம். வெல்கோவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவள் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் கூடக் கைக்குக் கிடைக்கவில்லை.

9 பிப்ரவரி

வூக்கை இவ்வளவு நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கே செர்பியக் கிளர்ச்சி பற்றி 1829ல் எழுதிய புத்தகமும் பெரும்பாலும் வூக் கொடுத்த தகவல்களில்தான் நிற்கிறது. ஆக, இரண்டு சாட்சிகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒருவர்தான். அவர் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர். கதை எங்கே சூடு பிடிக்கும் என்று அறிந்தவர். பத்துப் பாடகர்கள், அழுத மனைவி, பாதியில் நின்ற கடைசிச் சொல் எல்லாம் பாட்டின் அச்சில் கச்சிதமாக உட்காருகின்றன.

இருந்தாலும் வெறும் புகழ்ப்பாட்டு எழுத நினைத்தவர் முறைப்பாடுகளையும் இரண்டு மனைவிகளையும் ஏன் வைக்க வேண்டும்? அவற்றை விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இடங்களில் அவரை நான் நம்புகிறேன். உரையாடல்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்கிறேன்.

21 பிப்ரவரி

"தப்பித்திருந்தால் என்ன ஆகியிருப்பான்?" கடைசியாக வந்த கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்ததும் கூட.

கிளவாஷுக்கு நடந்தது தெரியும். 1813க்குப் பிறகும் அவர் ஊரிலேயே இருந்தார். துருக்கியரே அவரை இஸ்தான்புல் சாலைக்குக் காவல் பொறுப்பாளராக வைத்தார்கள். பழைய வழிப்பறிக்காரனுக்கு அதே சாலையைக் காக்கும் வேலை. 1815 தொடக்கத்தில், அடுத்த கிளர்ச்சிக்குச் சில வாரம் முன்பு, அவரைக் கொன்று தலையைப் பெல்கிரேடுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டாம் கிளர்ச்சியை நடத்திய மிலோஷ் ஒப்ரெனோவிச் பேரம் பேசியே தன்னாட்சி வாங்கியவர். 1817ல் நாடு திரும்பிய கராஜோர்ஜேயைக் கொல்லச் செய்து தலையை சுல்தானுக்கு அனுப்பிவைத்தார். ஹைதுக்குகளையும் தன் ஆட்சியில் வேட்டையாடினார். சாலை பாதுகாப்பாக இருந்தால்தான் வியாபாரம், வியாபாரம் இருந்தால்தான் வரி.

வெல்கோ அந்தச் செர்பியாவில் ஒரு வருஷம் தாங்கியிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். துருக்கியரோடு சமாதானம் பேசுகிற ஓர் ஆட்சிக்குக் கீழ் அவன் சும்மா இருந்திருக்கவே முடியாது. மிலோஷ் அவனைச் சும்மா விட்டிருக்கவும் மாட்டார். ஸ்தானாவின் இரண்டாம் கணவரைப் போல எல்லை தாண்டிப் போய் வேறொரு நாட்டின் கிளர்ச்சியில் சேர்ந்திருப்பான் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். 1821ல் அவனுக்கு வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.